இடுப்பில் இருக்கிறது சூட்சுமம்

பந்தைப் பிடிக்கப் பாய்ந்து வருபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமல், பின்னோக்கி ஓடிக்கொண்டே அவரை மறிக்க முடியுமா? அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக்கின் வேலை அதுதான்.

தொழில்முறை ஆட்டத்துக்கு வரும் கல்லூரி வீரர்களை இண்டியானாபொலிஸ் நகரில் 40 கெஜம் ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் கார்னர்பேக்குக்கு வேகம் மட்டும் போதாது. பின்னோக்கிப் போகிறவர் சட்டென்று இடுப்பைத் திருப்பி, வேகம் குறையாமல் முன்னே பாய்கிறாரா என்பதையே தேர்வாளர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். ஓர் அடி தடுமாறினால் போச்சு, எதிராளி தாண்டிவிடுவார்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முதலில் பந்து பிடிப்பவராக ஆடி, பிறகு கார்னர்பேக்காக மாறிய ரிச்சர்ட் ஷெர்மன், தொழில்முறை அணிகள் புது வீரர்களை எடுக்கும் 2011 தேர்வில் ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்தார். அவருக்கு நீண்ட கைகள்; பந்து பிடிப்பவரின் மனக்கணக்கும் அத்துப்படி. மூன்று ஆண்டுகளுக்குள் சியாட்டில் அணியோடு இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.