பூனைக் காப்பீடு (ஐக்கிய இராச்சியம்)

பூனைக் காப்பீடு என்பது வளர்ப்புப் பூனைக்கு நோயோ விபத்தோ நேரும்போது உண்டாகும் மருத்துவச் செலவை, முன்கூட்டிச் செலுத்தப்படும் கட்டணத்துக்கு ஈடாக ஒரு காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் ஆகும். இலங்கை வழக்கில் இது காப்புறுதி எனப்படும். இக்கட்டுரை ஐக்கிய இராச்சியத்தில் விற்கப்படும் பூனைக் காப்பீடுகளைப் பற்றியது. அந்நாட்டில் மனிதர்களுக்குத் தேசிய நலச் சேவை உண்டு. விலங்குகளுக்கு அத்தகைய பொது ஏற்பாடு எதுவும் இல்லை. எனவே மருத்துவச் செலவு முழுவதும் பூனையை வளர்ப்பவரையே சேரும்.

சட்டத்தின் பார்வையில் பூனை ஓர் உடைமையே. ஆனால் பழுதான கடிகாரத்தைத் தூக்கி எறிவது போல நோயுற்ற பூனையைக் கைவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறையில் உள்ள 2006 ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விலங்கைக் காக்கும் கடமையை வளர்ப்பவர் மீது சுமத்துகிறது. செலவைத் தாங்க முடியாத நிலையில், குணப்படுத்தக்கூடிய நோய்க்கும் கருணைக்கொலையே முடிவாகிவிடுவது உண்டு. காப்பீட்டின் தேவை இங்கிருந்தே எழுகிறது.

வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடனில் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் காப்பீடு வழங்கும் வழக்கம் வேரூன்றியது. வளர்ப்பு விலங்குக் காப்பீடு அதன் கிளையாகவே பிறந்தது. பிரித்தானியாவில் நாய் ஒன்றுக்கான முதல் காப்பீடு 1947 ஆம் ஆண்டில் வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. 1976 ஆம் ஆண்டில் பாட்சி புளூம், டேவிட் சிம்ப்சன் ஆகியோர் தொடங்கிய பெட்பிளான் நிறுவனம் இத்துறையைப் பரவலாக்கியது. அமெரிக்காவில் இது 1982 ஆம் ஆண்டில், தொலைக்காட்சியில் புகழ்பெற்ற லாசி என்ற நாய்க்கு வழங்கப்பட்ட காப்பீட்டுடன் தொடங்கியது.

காப்பீட்டு வகைகள்

சந்தையில் நான்கு வகைகள் உள்ளன. விளம்பரங்களில் இவற்றின் பெயர்கள் பலவாறாக மாறினாலும் அடிப்படை அமைப்பு ஒன்றே.

விபத்துக் காப்பீடு மிக மலிவானது. வண்டியில் அடிபடுதல், உயரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு மட்டும் பணம் தரும். நோய்களுக்கு எதுவும் கிடையாது.

காலவரையறைக் காப்பீடு, ஒவ்வொரு நோய்க்கும் அது தொடங்கிய நாளிலிருந்து பொதுவாக 12 மாதங்கள் வரை பணம் தரும். பண வரம்பும் உண்டு. காலம், பணம் ஆகிய இரண்டில் எது முதலில் தீர்கிறதோ, அத்துடன் அந்த நோய்க்கான காப்பு என்றென்றைக்குமாக முடிந்துவிடும்.

உச்சத்தொகைக் காப்பீட்டில் காலக்கெடு இல்லை. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மொத்தத் தொகை ஒதுக்கப்படும். அது தீரும் வரை எத்தனை ஆண்டுகளானாலும் பெறலாம். தீர்ந்தபின் அந்நோய் விலக்கப்படும்.

வாழ்நாள் காப்பீட்டில் பண வரம்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. சென்ற ஆண்டு தொடங்கிய நோய்க்கு இந்த ஆண்டும் புதிய வரம்பு கிடைக்கும். ஒப்பந்தத்தை இடைவெளியின்றிப் புதுப்பித்துவர வேண்டும் என்பதே நிபந்தனை. பெயரைக் கொண்டு, ஒரே கட்டணம் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இது ஓராண்டு ஒப்பந்தமே. கட்டணம் ஒவ்வோர் ஆண்டும் மாறும், பெரும்பாலும் ஏறும்.

இவற்றின் வேறுபாடு நாள்பட்ட நோய்களில்தான் வெளிப்படும். ஒரு பூனைக்கு ஒன்பதாம் வயதில் நீரிழிவு நோய் வருவதாகவும், நாளுக்கு இருமுறை இன்சுலின், குருதிச் சோதனைகள் என ஆண்டுக்கு 1,200 பவுண்டு வீதம் ஐந்து ஆண்டுகளில் 6,000 பவுண்டு செலவாவதாகவும் கொள்வோம். வளர்ப்பவர் முதலில் ஏற்கவேண்டிய தொகை 100 பவுண்டு. ஆண்டுக்கு 4,000 பவுண்டு வரம்புள்ள வாழ்நாள் காப்பீடு, ஆண்டுதோறும் 100 பவுண்டைக் கழித்து, ஐந்து ஆண்டுகளில் 5,500 பவுண்டு தரும். 3,000 பவுண்டு வரம்புள்ள உச்சத்தொகைக் காப்பீடு, 100 பவுண்டை ஒருமுறை மட்டும் கழிப்பதாகக் கொண்டால், முதலாண்டில் 1,100, இரண்டாமாண்டில் 1,200, மூன்றாமாண்டில் 700 எனத் தந்து தீர்ந்துபோகும். காலவரையறைக் காப்பீடு 1,100 பவுண்டுடன் நின்றுவிடும். மீதி 4,900 பவுண்டு வளர்ப்பவரின் பொறுப்பு. விபத்துக் காப்பீட்டில் ஒன்றும் கிடைக்காது. நோய் மூன்று வாரத்தில் குணமாகும் கண் தொற்றாக இருந்தால், முதல் வகையைத் தவிர்த்த மற்ற மூன்றும் ஏறக்குறைய ஒரே தொகையைத் தந்திருக்கும். விலை ஒப்பீட்டுத் தளங்களில் மாதக் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

பூனைகளைத் தாக்கும் நோய்கள்

எந்த வகை பொருந்தும் என்பதை அறியப் பூனைகளின் நோய்களைப் பற்றிய அறிவு தேவை. முதிய பூனைகளில் அதிகம் காணப்படும் நாள்பட்ட சிறுநீரக நோய், மிகைத் தைராய்டு நிலை, நீரிழிவு ஆகியவை மரணம் வரை தொடரக்கூடியவை. பூனைக்கு வரும் ஈளையும் அத்தகையதே. மிகைத் தைராய்டு நிலையைக் கதிரியக்க அயோடின் கொண்டு நிலையாகக் குணப்படுத்த முடியும். ஆனால் அதற்கு உரிய ஏற்பாடுள்ள மருத்துவ நிலையத்தில் பூனையைச் சில நாட்கள் தனிமையில் வைத்திருக்க வேண்டும் என்பதால் தொடக்கச் செலவு பெரிது.

மறுபுறம், திடீரெனத் தாக்குபவையும் உள்ளன. ஆண் பூனைகளில் சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்டால், குருதியில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாட்களில் உயிர் போகலாம். லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். முன்பு ஏறத்தாழ உறுதியான மரணமாகக் கருதப்பட்ட பூனைத் தொற்று வயிற்றறை உறை அழற்சி, இப்போது குணப்படுத்தக்கூடிய நோயாகியுள்ளது. ரெம்டெசிவிர், ஜிஎஸ்-441524 ஆகிய மருந்துகள் ஐக்கிய இராச்சியத்தில் 2021 ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கிடைக்கின்றன. சிகிச்சை பல வாரங்கள் நீடிக்கும். செலவும் அதற்கேற்ப உயரும். மருத்துவம் வளர வளரக் காப்பீட்டின் தேவையும் கட்டணமும் சேர்ந்தே வளர்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனமும் கணக்கில் வரும். பாரசீகப் பூனைகளில் சிறுநீரகப் பன்னீர்ப்பை நோயும், மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதயத்தசைத் தடிப்பும் மரபுவழி வருகின்றன. இசுக்காட்டியப் பூனைகளின் மடிந்த காதுக்குக் காரணமான மரபணுவே அவற்றின் மூட்டுகளையும் கெடுக்கிறது. எனவே இனப்பூனைகளுக்குக் கட்டணம் கூடுதலாகவும், இனம் குறிப்பிடப்படாத சாதாரண வீட்டுப்பூனைக்குக் குறைவாகவும் இருக்கும்.

முன்பே இருந்த நோய்

காப்பீட்டுப் பிணக்குகளுக்கு முக்கிய காரணம் இந்த விலக்குதான். காப்பீடு தொடங்குவதற்கு முன்பே இருந்த நோய்களுக்கு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. நோய் கண்டறியப்பட்ட நாளை மட்டும் பார்த்து இது முடிவு செய்யப்படுவதில்லை. அறிகுறி தோன்றிய நாளும் கணக்கில் வரும். மார்ச் மாதம் தடுப்பூசிக்குக் கொண்டுசென்றபோது "நீர் அதிகம் குடிக்கிறது" என்று மருத்துவர் தம் குறிப்பில் எழுதியிருக்கலாம். ஏப்ரலில் காப்பீடு எடுத்து, ஆகத்து மாதத்தில் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டால், அந்த ஒற்றை வரியைக் காட்டியே கோரிக்கை மறுக்கப்படக்கூடும். கோரிக்கை வந்தபின்தான் நிறுவனம் பூனையின் முழு மருத்துவப் பதிவேட்டையும் கேட்டு வாங்குகிறது என்பதால், இது வளர்ப்பவருக்கு எதிர்பாராத அதிர்ச்சியாகிறது. காப்பீடு எடுக்கும் முன்பே அப்பதிவேட்டின் படியொன்றை மருத்துவரிடம் கேட்டுப் படித்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்தில் காத்திருப்புக் காலமும் உண்டு. நோய்களுக்கு இது பெரும்பாலும் 14 நாட்கள். விபத்துகளுக்கு அதைவிடக் குறைவு. இக்காலத்துள் தோன்றும் நோயும் முன்பே இருந்ததாகவே கொள்ளப்படும். இன்னொரு நுட்பமான விதி இருபக்க உறுப்புகளைப் பற்றியது: இடக்கண்ணில் ஏற்கெனவே நோய் இருந்தால், பிற்பாடு வலக்கண்ணில் வரும் நோயும் அதன் தொடர்ச்சியாகக் கருதப்படலாம்.

இந்த விலக்கின் விளைவு நிறுவனத்தை மாற்ற முயலும்போது புலப்படும். பழைய நிறுவனத்தில் காப்புப் பெற்றுவந்த நோய், புதிய நிறுவனத்துக்கு முன்பே இருந்த நோய். ஆகவே நாள்பட்ட நோயுள்ள பூனையின் உடைமையாளர், கட்டணம் எவ்வளவு ஏறினாலும் பழைய இடத்திலேயே கட்டுண்டு கிடக்கிறார். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதல் கட்டணம் பெறுவதை நிதி நடத்தை ஆணையம் 2022 சனவரி முதல் தடைசெய்தது. ஆனால் அத்தடை வீட்டுக் காப்பீட்டுக்கும் ஊர்திக் காப்பீட்டுக்கும் உரியது, விலங்குக் காப்பீடு அதில் சேர்க்கப்படவில்லை. எனவே குட்டிப் பருவத்தில் எடுக்கும் முதல் முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாகவும் அமைந்துவிடுகிறது. முதலாண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதைவிட, அதே நிறுவனத்தில் பத்து வயதுப் பூனைக்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டறிவது பயனுள்ள கேள்வி.

செலவில் வளர்ப்பவரின் பங்கு

ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் கழிக்கப்படும் நிலையான தொகை ஒன்று உண்டு. பூனை குறிப்பிட்ட வயதைக் கடந்ததும் பல நிறுவனங்கள் விழுக்காட்டுப் பங்கையும் சேர்க்கின்றன. 1,200 பவுண்டுச் செலவில் 100 பவுண்டு கழித்து, எஞ்சிய 1,100 இல் 20 விழுக்காட்டை வளர்ப்பவர் ஏற்கவேண்டும் என்றால், அவர் பங்கு 320 பவுண்டு. நிறுவனம் தருவது 880 பவுண்டு. நிலையான தொகை ஒவ்வொரு நோய்க்குமா, ஒவ்வோர் ஆண்டுக்குமா என்பதையும் படித்தறிய வேண்டும்.

தடுப்பூசி, கருத்தடை, உண்ணி மருந்து, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பொதுவாகக் காப்பு இல்லை. பல் நோய்களுக்குக் காப்பு இருந்தாலும், ஆண்டுதோறும் பற்களைச் சோதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். தடுப்பூசி போடாத பூனைக்கு, அத்தடுப்பூசி தடுத்திருக்கக்கூடிய நோய் வந்தால் பணம் கிடைக்காது. கட்டணத்தில் 12 விழுக்காடு காப்பீட்டு வரி; இவ்விகிதம் 2017 சூன் முதல் நடைமுறையில் உள்ளது.

நாய்க் காப்பீடுகளில் பொதுவாகக் காணப்படும் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பு, பூனைகளுக்குப் பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை. பூனை தன் விருப்பப்படி திரியும் விலங்கு என்பதால், அது செய்யும் சேதத்துக்கு உடைமையாளர் பொறுப்பாவது அரிது. இதன் மறுபக்கமும் உண்டு. நாய், குதிரை, ஆடு, மாடு, கழுதை, பன்றி முதலியவற்றை மோதிய ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும் எனக் கூறும் 1988 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் பூனை இடம்பெறவில்லை. அடிபட்ட பூனையைப் பற்றித் தகவல் தரும் கடமை ஓட்டுநருக்கு இல்லாததால், உடைமையாளரைக் கண்டறிய நுண்சில்லு உதவுகிறது. இங்கிலாந்தில் 20 வாரத்துக்கு மேற்பட்ட வளர்ப்புப் பூனைகளுக்கு இது 2024 சூன் 10 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டணம் ஏறுவதன் காரணங்கள்

மருத்துவச் செலவே முதற்காரணம். பிரித்தானியாவில் பெருநிறுவனங்களுக்குச் சொந்தமான விலங்கு மருத்துவ நிலையங்கள் 2013 ஆம் ஆண்டில் சுமார் 10 விழுக்காடாக இருந்தன. பத்தாண்டுகளில் இது சுமார் 60 விழுக்காடாக உயர்ந்ததாகப் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் தெரிவித்தது. அவ்வாணையம் 2023 ஆம் ஆண்டில் ஆய்வையும், 2024 மே மாதத்தில் முறையான சந்தை விசாரணையையும் தொடங்கியது. காப்பீடு பரவலாக இருப்பதாலேயே விலையுயர்ந்த சிகிச்சைகள் பரிந்துரைக்கப்படுகின்றன என்ற கருத்தும் உண்டு. சிகிச்சை தொடங்கும் முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேட்பது வளர்ப்பவரின் உரிமை.

கணக்கியல் நோக்கில், எல்லா உடைமையாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் செலுத்தும் தொகை திரும்பப் பெறும் தொகையைவிட அதிகமாகவே இருக்கும். நிறுவனத்தின் செலவும் இலாபமும் அதிலிருந்தே வரவேண்டும் அல்லவா? ஆகவே சராசரிப் பூனைக்குக் காப்பீடு இழப்புதான். தன் பூனை சராசரியாக இருக்குமா என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதே காப்பீட்டின் பொருள். சில ஆயிரம் பவுண்டுகளை எந்நேரமும் எடுக்கக்கூடியவருக்கு, மாதந்தோறும் தனிக்கணக்கில் சேமிப்பதும் தகுந்த வழியே. ஆனால் சேமிக்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் பூனை வண்டியில் அடிபட்டால் கணக்கில் ஒன்றும் இருக்காது.

பிணக்குகள்

காப்பீடு எடுத்த 14 நாட்களுக்குள் அதை விலக்கிக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்துடன் உண்மை கூறவேண்டும் என 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் விதிக்கிறது. வேண்டுமென்றே பொய் கூறினால் ஒப்பந்தமே செல்லாததாகலாம். கவனக்குறைவால் நேர்ந்த பிழையென்றால், உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்குமோ அதற்கேற்பத் தொகை குறைக்கப்படலாம். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். எட்டு வாரங்களில் தீர்வு கிடைக்காவிட்டாலோ, இறுதிப் பதில் நிறைவளிக்காவிட்டாலோ நிதிக் குறைகேள் சேவையிடம் கட்டணமின்றிச் செல்லலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதங்கள் வரை அதற்குக் காலம் உண்டு. மறுப்புக்குக் காரணமான மருத்துவக் குறிப்பு, பின்னர் வந்த நோயுடன் உண்மையில் தொடர்புடையதா என்பதைப் பற்றி மருத்துவர் எழுதித்தரும் கடிதம் இத்தகைய முறையீடுகளில் பெரிதும் உதவும்.

காப்பீடும் சேமிப்பும் இல்லாதோருக்குத் தொண்டு நிறுவனங்கள் உள்ளன. மரியா டிக்கின் 1917 ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கிய பிடிஎசுஏ, அரசு உதவித்தொகை பெறுவோர் போன்ற தகுதியுடையவர்களின் விலங்குகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிக்கிறது. புளூ கிராசு அமைப்பும் இவ்வகை உதவி வழங்குகிறது. தகுதி வளர்ப்பவரின் முகவரியையும் பொறுத்தது என்பதால், பூனை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.