ஜெபாலயத்துக்கு நாச்சியார்கோவில் விளக்கு

கிறிஸ்தவ ஜெபாலயங்களின் பீடச் சாமான்கள் மேல்நாட்டு மாதிரியிலேதான் இருக்க வேண்டுமென்று எந்த வேதமும் விதிக்கவில்லை. ஆயினும் நந்தனத்திலோ சைதாப்பேட்டையிலோ ஜெபக்கூடம் ஒன்றைப் புதுப்பிக்க முனைவோரில் பலர், மெழுகுதிரித் தண்டுகளின் விலைப்பட்டியலையே முதலில் புரட்டுகிறார்கள். கும்பகோணத்துக்கருகே நாச்சியார்கோவில் என்றோர் ஊர் இருப்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. இது நமக்கு வருத்தமளிக்கிறது.

கத்தோலிக்கருக்கு இவ்விஷயத்தில் தடை நீங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1969 ஏப்ரலில் இந்திய ஆயர்களின் பன்னிரண்டு யோசனைகளை ரோமாபுரி அங்கீகரித்தது. மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு, சங்கிலித் தூபக் கலசத்துக்குப் பதில் கைப்பிடியுள்ள தூபக்கால், பூசைப் பாத்திரத்தின் கீழ் விரிக்கும் துணிக்குப் பதில் தாம்பூலத் தட்டு ஆகிய மூன்றும் அவற்றில் அடக்கம். இவை கட்டளைகளல்ல, அனுமதிகளே. அதனால்தான் பல இடங்களில் ஏட்டோடு நின்றன. சீர்திருத்தச் சபையாருக்கும் இது புதிதன்று. 1921-ல் திருப்பத்தூரில் தோன்றிய கிறிஸ்துகுல ஆசிரமம் தன் ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியிலேயே எழுப்பியது.

குத்துவிளக்கு இந்துக்களின் சின்னமல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். மலையாள நாட்டுச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் உச்சியில் சிலுவை பொறித்த நிலைவிளக்கை ஏற்றி வருகிறார்கள். வேளாங்கண்ணித் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்குகிறது. அங்கெல்லாம் எழாத சந்தேகம் விளக்கைக் கண்டதும் ஏன் எழ வேண்டும்?

நாச்சியார்கோவில் விளக்கின் அமைப்பே ஆட்சேபத்துக்கு விடையாகும். அடி, தண்டு, அகல், உச்சி ஆகிய பாகங்களைத் தனித்தனியே வார்க்கிறார்கள். காவிரிப் பாசனப் பூமியின் வண்டல் மண்ணே அச்சு. உருக்கிய பித்தளையை அதில் ஊற்றி, ஆறியபின் எடுத்து, கடைசல் பிடித்து, அரத்தால் ராவி, மெருகேற்றுகிறார்கள். பாகங்களை மரையால் இணைப்பதால் கழற்றித் துலக்கலாம். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். உச்சியில் வழக்கமாக அன்னம் அமர்கிறது. அங்கே சிலுவை வேண்டுமென்றால் பத்தர் மாற்ற வேண்டியது ஒரே ஓர் அச்சுதான்!

சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் 1898-ல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அலுமினியமும் பின்னால் வந்த எவர்சில்வரும் சமையலறையிலிருந்து பித்தளையை ஏறக்குறைய விரட்டிவிட்டன. பத்தர்களுக்கு மிஞ்சிய பெரும் ஆதரவு வழிபாட்டுச் சாமான்களே. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மெத்த மகிழ்ச்சி. ஆனால் உலை எரிவது குறியீட்டினால் அல்ல.

ஆதலின் ஜெபாலய நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்: பிரதிஷ்டைக்குச் சில மாதங்கள் முன்னதாகவே விளக்கின் உயரத்தையும் சிலுவையின் வரைபடத்தையும் பட்டறைக்கு அனுப்புங்கள். நிறையைக் கேட்டு விலை பேசுங்கள். தூபக்காலையும் தட்டையும் அதே கையால் செய்யச் சொல்லுங்கள்.