பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த நான்காம் நூல்

இரண்டாம் ஆண்டு, தாவரவியல்

ஒரு கதைத் தொடர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பி, நூலை மூடி வைத்து, பல ஆண்டுகள் கழிந்த பின் அதே தொடரில் இன்னொரு நூல் வெளிவந்தால் வாசகர் மனம் என்ன பாடுபடும்? மகிழ்ச்சி ஒருபுறம், அச்சம் மறுபுறம். நாம் நேசித்த மாந்தர் நாம் நேசித்தபடியே இருப்பார்களா? வெற்றி பெற்ற படத்துக்கு இரண்டாம் பாகம் எடுத்து, முதற்பாகத்தின் பெயரையும் சேர்த்துக் கெடுத்த கதைகளை நாம் அறிவோம். ஆகையால் இந்த அச்சத்தை நண்பர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அம்மையார் இளைஞருக்காக எழுதிய ‘எர்த்சீ’ என்னும் மாயக்கதைத் தொடரை எடுத்துக்கொண்டு, பழைய கதைக்கு ஓர் ஆசிரியர் எப்படித் திரும்பி வரலாம் என்பதை எனக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறேன்.

லெ குவின் 1929ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரில் பிறந்தவர், 2018இல் மறைந்தார். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியோடோரா குரோபர், தம் இனத்தாரில் எஞ்சிய கடைசி மனிதராக வாழ்ந்த இஷி என்ற அமெரிக்கப் பழங்குடியினரின் வரலாற்றை எழுதியவர். பல இன மக்களின் வழக்கங்களும் பாட்டுகளும் பேச்சாக ஓடிய அத்தகைய வீட்டில் வளர்ந்தவருக்கு, ஒரு கற்பனை உலகத்தைத் தீவு தீவாக, மொழி மொழியாகப் படைப்பது இயல்பாகவே வந்திருக்க வேண்டும். எர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கும் கடல். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் உயிருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவனுக்கு அப்பொருள் கட்டுப்படும். ஆகவே மந்திரம் கற்பது என்றால் பெரும்பாலும் பெயர்களைக் கற்பதுதான். ரோக் என்னும் தீவில் இதற்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஒரு தனிக் கோபுரத்தில் அமர்ந்து பட்டியல் பட்டியலாகப் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இலத்தீன் பெயர்களோடு இரவெல்லாம் மல்லாடும் எங்கள் வகுப்புக்கு இந்தக் கோபுரம் அவ்வளவு அந்நியமானதன்று.

முதல் மூன்று நூல்கள் 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வந்தன. மூன்றும் ஒரே தொகுப்பாக எங்கள் மாவட்ட மைய நூலகத்தில் இருந்தன. பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த கோடையில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைப் படித்தேன். முதல் நூலின் நாயகன் பெயர் கெட். (தமிழில் எழுதும்போது இப்பெயர் நம் காதுக்குச் சற்று விபரீதமாகத்தான் படுகிறது, வாசகர் பொறுத்தருள வேண்டும்.) கோன்ட் என்ற மலைத்தீவில் ஒரு வெண்கலக் கொல்லனின் மகன். ஓராண்டு நிரம்பும் முன்பே தாயை இழந்தவன். ஆடு மேய்த்துத் திரிந்தவன். அவனுடைய தாயின் சகோதரி ஒருத்தி அவ்வூரில் சில்லறை மந்திரங்கள் செய்பவள். ஆடுகளை அழைக்க அவள் சொல்லிய சொற்களைக் கேட்டு, ஏழு வயதுச் சிறுவன் தானும் கத்திப் பார்க்கிறான்; ஆடுகள் அவனைச் சூழ்ந்து நெருக்கிக்கொண்டு விலக மறுக்கின்றன. அவனுக்குள் இருக்கும் ஆற்றலை முதலில் கண்டுகொண்டவளும், தனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலில் கற்றுத் தந்தவளும் அந்தப் பெண்ணே. பின்னர் ஓகியன் என்ற பெரியவர் அவனைச் சீடனாக ஏற்கிறார். அங்கிருந்து ரோக் கல்லூரி. அங்கே ஜாஸ்பர் என்ற உயர்குடி மாணவன், ‘ஆட்டிடையன்’ என்று அவனை ஏளனம் செய்கிறான்.

இந்த ஒரு சொல்லில்தான் நூல் என்னைப் பிடித்துக்கொண்டது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இதைப் படிக்கும்போது, ஜாஸ்பரின் முகம் எப்படி இருக்கும் என்று ஆசிரியர் வருணிக்கத் தேவையில்லை. கெட்டின் செருக்கும், அதனால் அவன் உலகத்துக்குள் அவிழ்த்துவிடும் நிழலும், அந்த நிழலைத் துரத்திக் கடலின் விளிம்பு வரை அவன் செல்வதும் எல்லாம் அந்த ஒரு சொல்லில் தொடங்குகின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கெட்டின் நிறம் செம்புபோன்ற பழுப்பு. அவன் உயிர்த் தோழன் வெட்ச் கறுப்பன். வெள்ளை நிறத்தார் இக்கதையில் கொள்ளையிட வரும் அயலார். 1968இல் ஓர் அமெரிக்க ஆசிரியர் மாயக்கதையில் இவ்வாறு செய்தது சிறிய காரியமன்று. 2004இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது, லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

இரண்டாம் நூல் டெனார் என்ற பெண்ணின் கதை. சிறு குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருண்ட கல்லறைகளுக்குப் பூசாரியாக்கப்பட்டவள், கெட்டின் துணையோடு வெளியேறுகிறாள். மூன்றாம் நூலில் கெட் உலகின் தலைமை மந்திரவாதி. சாவின் நாட்டுக்குள் ஓர் இளவரசனோடு நடந்து சென்று, அங்கே திறந்து கிடந்த வாயிலை மூடுவதில் தன் ஆற்றல் முழுவதையும் செலவழித்துவிடுகிறான். கலெஸ்ஸின் என்ற முதிய டிராகனின் முதுகில் ஏறிப் பிறந்த தீவை நோக்கிப் பறந்து போகிறான். அத்துடன் முடிந்தது. அந்நூலுக்கு 1973இல் அமெரிக்க தேசிய நூல் விருதும் கிடைத்தது. ஆட்டிடையனாகத் தொடங்கி டிராகன் மேல் வானத்தில் மறைந்த நாயகன். இதைவிட நல்ல முடிவு எந்த வாசகருக்கு வேண்டும்?

நான்காம் நூலான ‘டெஹானு’ 1990இல் வந்தது. எங்கள் ஆங்கிலத் துறைப் பேராசிரியை ஒருவரிடம் இரவல் வாங்கி இவ்வாண்டுதான் அதைப் படித்தேன்.

வெளியுலகில் பதினெட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. கதைக்குள்ளோ மூன்றாம் நூலின் முடிவும் நான்காம் நூலின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. வானத்தில் போன டிராகன் எங்கே இறங்கியது? மூன்றாம் நூல் இக்கேள்விக்கு விடை சொல்லவில்லை. நான்காம் நூலில் மலைமுகட்டில் நின்று அந்த டிராகன் வருவதைப் பார்ப்பவள் டெனார். இப்போது அவள் நடுவயது விதவை. ஒரு குடியானவனை மணந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பண்ணை வேலை செய்து வாழ்ந்தவள். சொந்த மனிதர்களாலேயே நெருப்பில் தள்ளப்பட்டு ஒரு கண்ணும் ஒரு கையும் கருகிப்போன தெர்ரு என்ற சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். டிராகனின் முதுகிலிருந்து இறக்கப்படுபவன் நினைவிழந்த, ஆற்றல் தீர்ந்த ஒரு மனிதன். அவனுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும். பறந்து போனதோடு முந்தைய நூல் நின்றுவிட்டது. பறந்து வந்தவனை யாரோ ஒருத்தி தூக்கிப் படுக்க வைக்க வேண்டியிருக்கிறதே, அங்கிருந்து இந்நூல் தொடங்குகிறது.

அடுத்து வருவதுதான் பல வாசகரைச் சினங்கொள்ள வைத்தது. அரசனின் தூதர்கள் கெட்டைத் தேடி வருகிறார்கள். அவன் வெட்கத்தால் ஒளிந்துகொள்கிறான். மலைமேல் போய் மீண்டும் ஆடு மேய்க்கிறான்!

“படிக்காவிட்டால் ஆடு மாடு மேய்க்கத்தான் போவாய்” என்று வகுப்பறையில் வசவு கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! என் தந்தையார் ஆடு வளர்ப்பவர். அவர் செய்யும் தொழிலையே தண்டனையாகக் காட்டி என்னைப் படிக்க வைத்தார்கள்; அதை அவரும் ஒப்புக்கொண்டு தலையாட்டினார். அதனால் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது நூலை ஒரு நாள் மூடி வைத்துவிட்டேன். உலகத் தலைமை மந்திரவாதியை ஆட்டுப்பட்டிக்கு அனுப்ப இந்த அம்மையாருக்கு எப்படி மனம் வந்தது என்று கோபமாக இருந்தது. மறுநாள் தொடர்ந்து படித்தேன். ஆசிரியர் அதைத் தண்டனையாக எழுதவே இல்லை என்பது தெரிந்தது. குளிர்காலம் முடிவதற்குள் அவன் மலையிலிருந்து இறங்கி வருகிறான். டெனாரோடு வாழத் தொடங்குகிறான். அடுப்பு மூட்டவும் காத்திருக்கவும் கற்றுக்கொள்கிறான். மந்திரம் போனபின் ஒரு மனிதனிடம் என்ன மிஞ்சுகிறது என்று ஆசிரியர் பொறுமையாக எண்ணிப் பார்க்கிறார்.

இதே நூலில் மாஸ் என்றொரு கிழவி வருகிறாள். ‘மாஸ்’ என்றால் பாசி. பிரையோஃபைட்டுகளைப் படிக்கும் எங்களுக்குப் பிடித்தமான பெயர். கெட்டுக்கு முதற்பாடம் சொன்ன பெண்ணைப் போல இவளும் சிற்றூர் மந்திரக்காரி. முதல் நூலில் அத்தகைய பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று ஊரார் பழமொழியே சொல்லுகிறார்கள்; நூலும் அதை மறுக்காமல் கடந்து போகிறது. கெட்டின் முதல் ஆசிரியையோ சில பக்கங்களில் வந்து மறைந்துவிடுகிறாள். நான்காம் நூலில் மாஸ் உட்கார்ந்து பேசுகிறாள், டெனார் கேட்கிறாள். ஆசிரியர் அவளைப் புனிதமாக்கிவிடவில்லை. அவள் அழுக்கானவள், அவள் அறிவில் பாதி பொன், பாதி குப்பை, எது எதுவென்று பிரிக்க அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கிளையைத் திருப்பி இலைக்கடியில் வரிசையாகத் தொங்கும் காயைப் பார்த்து, “இது கீழாநெல்லி” என்பார். அதற்கு ‘பில்லாந்தஸ் அமாரஸ்’ என்று பெயர் எழுதினால் எனக்கு மதிப்பெண் கிடைக்கிறது. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் இவற்றில் ஒன்று மட்டுமே ‘படிப்பு’ எனப்படுவது ஏன் என்ற கேள்வியை, ஒரு டிராகன் கதை வந்து எனக்குள் எழுப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டெனாரின் மகன் கடலிலிருந்து வீடு திரும்பும் காட்சியும் உண்டு. பண்ணை இனித் தனது என்கிறான். தின்ற தட்டைக் கழுவச் சொன்னால், அது பெண்கள் வேலை என்கிறான். தலைமை மந்திரவாதியாக இருந்த கெட் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான். இக்காட்சியை நான் விளக்கப் போவதில்லை. விடுதியில் உள்ள தோழியர் சிரித்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். பழைய கதைக்குத் திரும்பும் ஆசிரியர், பழையதைப் பொய்யாக்காமல் எப்படிப் புதிதாகச் சொல்லுவது? கல்விச் சுற்றுலாவில் கோவை சென்றபோது அங்குள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தைப் பார்த்தோம். பல பத்தாண்டுகளுக்கு முன் உலர்த்தி ஒட்டிய செடிகள், சேகரித்தவர் கையெழுத்தோடு இருக்கின்றன. பின்னால் வந்த ஓர் அறிஞர் அச்செடிக்கு வேறு பெயரே பொருந்தும் என்று முடிவு செய்தால், பழைய சீட்டைக் கிழிப்பதில்லை, அடிப்பதில்லை. புதிய சீட்டு ஒன்றை எழுதி, நாளிட்டு, அதே தாளில் ஒட்டுகிறார். செடி அதே செடி. இரண்டு சீட்டுகளையும் பிறகு வருபவர் படித்துக்கொள்ளலாம். லெ குவின் செய்ததும் ஏறத்தாழ இதுதான். முதல் மூன்று நூல்களில் நடந்த நிகழ்ச்சிகளை அவர் மாற்றவில்லை. ரோக் கல்லூரியில் பெண்களே இல்லை என்பது முதல் நூலில் காற்றைப் போல இயல்பாக இருந்தது, பின்னர் அவர், “ஏன் இல்லை?” என்று கேட்டார். 1992இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் இதை அவரே விளக்கினார். வீரக்கதை என்பது ஆண்களின் களமாக இருந்தது, தாமும் அக்காலத்தில் அக்களத்தின் விதிப்படியே எழுதினார், பெண்ணியம்தான் வேறிடத்திலிருந்து பார்க்கக் கற்றுத் தந்தது என்பது அவ்வுரையின் சாரம்.

எனக்குக் குறைகளும் தெரிகின்றன. ‘டெஹானு’வில் வரும் தீய மந்திரவாதி ஆஸ்பென் முழு மனிதனாக உருப்பெறவில்லை, வெறுப்பு மட்டுமே உருவெடுத்ததுபோல வந்து போகிறான். நூலெல்லாம் நிதானமாக நடந்த கதை, கடைசிச் சில பக்கங்களில் டிராகன் வந்து எரித்துத் தீர்ப்பதில் அவசரமாக முடிகிறது. சில உரையாடல்கள் பட்டிமன்றம்போல் இருக்கின்றன. இருந்தும் 1990ஆம் ஆண்டின் சிறந்த நாவலுக்கான நெபுலா விருது இதற்கே வழங்கப்பட்டது. பொருத்தமான விருது என்றே நினைக்கிறேன்.

‘எர்த்சீயின் கடைசி நூல்’ என்று அதற்குத் துணைத்தலைப்பும் கொடுத்திருந்தார். அதுவும் நிலைக்கவில்லை! 2001இல் இன்னும் இரண்டு வந்தன. ஒன்று கதைத் தொகுப்பு. அதில் ஒரு நெடுங்கதை, ரோக் கல்லூரியை நிறுவியவர்களில் பெண்களும் இருந்தார்கள், பின்னரே அவர்கள் விலக்கப்பட்டார்கள் என்று காட்டுகிறது. மற்றொன்று ‘தி அதர் விண்ட்’ என்னும் நாவல். மூன்றாம் நூலில் சாவின் நாடு வறண்டு கிடக்கும். அங்கே அன்பு கொண்டவர்கள்கூட ஒருவரையொருவர் அறியாமல் கடந்து போவார்கள். அது ஏன் அப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து விடை தந்து, அந்நாட்டின் கற்சுவரை இடிக்கிறார். எப்படி என்பதை நான் சொல்லிவிட்டால் படிப்பவர்களுக்குச் சுவை குன்றிவிடும்.

படிக்க விரும்பும் நண்பர்கள் வந்த வரிசையிலேயே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான்காம் நூலை முதலில் எடுத்தால் அது கிழவிகளும் ஆடுகளும் உள்ள ஒரு பண்ணைக் கதையாக மட்டுமே தெரியும். மூன்று நூல்களின் தொகுப்பு மாவட்ட மைய நூலகத்தில், ஆங்கில நாவல்கள் பிரிவில், கீழ்த்தட்டில் இருக்கிறது, அட்டை கிழிந்திருக்கும். ‘டெஹானு’ தேர்வு வரை என்னிடம் இருக்கும். பேராசிரியை அனுமதி தந்திருக்கிறார், கேட்பவர்களுக்குத் தருகிறேன். பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதியிருக்கும் தமிழ்ப் பொருள்களை மட்டும் யாரும் அழித்துவிட வேண்டாம்.