உங்களுக்குத் தெரியுமா? கண்ணுக்குள் தெரியும் குடல் ஆபத்து

● சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்த பிறகு, கூசும் வெளிச்சத்தை அடித்துக் கண் மருத்துவர் உள்ளே பார்ப்பார். சர்க்கரை நோயாளிகளுக்கு நன்கு பழகிய சோதனை இது. பரம்பரையாக வரும் ஒருவகைக் குடல் புற்றுநோயின் ஆபத்தும் இதே சோதனையில் தெரிந்துவிடக்கூடும். அதுவும் குடலில் ஒரு கட்டிகூட முளைக்காத வயதிலேயே!

● அந்தப் பரம்பரை நோயை மருத்துவர்கள் எஃப்.ஏ.பி. என்பார்கள். பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் பெருங்குடலின் உட்சுவரில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் தோன்றும். பெரும்பாலும் பதின்வயதில் ஆரம்பம். ஒவ்வொரு பாலிப்பும் புற்றாக மாறாது. ஆனால் அத்தனை இருக்கும்போது ஏதோ ஒன்று மாறாமல் இருக்காது. சிகிச்சை பெறாதவர்களுக்குச் சராசரியாக 39 வயதில் புற்றுநோய் வந்துவிடுகிறது. பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் இந்த நோய். குடல் புற்றுநோயாளிகள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் இவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் எந்தக் குடும்பத்தில் இருக்கிறதோ, அங்கே கவனிக்காமல் விட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இளவயது மரணம்தான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

● கண்ணில் அப்படி என்ன தெரிகிறது? விழித்திரைக்குப் பின்னால் நிறமிச் செல்கள் ஒற்றை அடுக்காக அமைந்திருக்கின்றன. எஃப்.ஏ.பி. உள்ள பலருக்கு அந்த அடுக்கில் அங்கங்கே சில செல்கள் பிறவியிலேயே பெருத்து, அதிக மெலனின் சேர்ந்து, கரும்புள்ளிகளாகத் தெரியும். பரிசோதனைச் சீட்டில் இதை சி.ஹெச்.ஆர்.பி.இ. என்று எழுதுவார்கள். பார்வைக்குப் பொதுவாக எந்தக் கெடுதலும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. அதனால்தான், இருப்பவருக்கே அது இருப்பது தெரியாது.

● உடனே பயந்துவிடாதீர்கள். கண்ணில் ஒரே ஒரு கரும்புள்ளி என்பது ஆரோக்கியமானவர்களிலும் 100-க்கு ஒருவருக்கு இருக்கும். அதற்கும் குடலுக்கும் சம்பந்தமில்லை. ஒரு கண்ணின் ஒரு பகுதியில் மட்டும் புள்ளிகள் கூட்டமாக அமைந்திருப்பதும் உண்டு. கண் மருத்துவர்கள் இதைக் 'கரடித் தடம்' என்பார்கள். இதுவும் தீங்கற்றதே. எஃப்.ஏ.பி. புள்ளிகளின் அடையாளம் வேறு: பெரும்பாலும் இரண்டு கண்களிலும் இருக்கும், நான்கோ அதற்கு மேலோ இருக்கும், ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். அளவும் ஒன்றுபோல் இராது. நீள்வட்டமாக, ஒரு முனையில் நிறம் வெளுத்து மீன்வால்போல் நீண்டிருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்த மருத்துவர் பார்ப்பது முக்கியம். தீங்கற்ற ஒற்றைப் புள்ளியைக் காட்டி ஒரு குடும்பத்தையே கலங்கடிப்பதும் தவறு, சிதறிய புள்ளிகளைப் பார்த்துவிட்டுச் சும்மா அனுப்பிவிடுவதும் தவறு.

● இந்தப் புள்ளிகள் விழித்திரையின் ஓரப் பகுதியிலும் இருக்கும். கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் சாதாரணச் சோதனையில் அவை தெரியாது. சொட்டு மருந்து விட்டு, ஓரம்வரை பார்க்க வேண்டும்.

● கண்ணையும் குடலையும் இணைத்து பிளேர், ட்ரெம்ப்பே என்ற இரு மருத்துவர்கள் 1980-ல் எழுதினார்கள். 1987-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் நோய் உறுதியான 41 பேரின் கண்களைப் பார்த்தபோது, 37 பேருக்குப் புள்ளிகள் இருந்தன. ஆபத்துள்ள குடும்பத்தில் பிறந்த மூன்று மாதக் குழந்தைக்கும் இருந்தன! இவை வளர வளர வருபவை அல்ல, பிறவியிலேயே வருபவை என்ற முடிவுக்கு அந்தக் குழந்தையின் கண்கள் வலுச்சேர்த்தன. பிறகு எல்லா வகை எஃப்.ஏ.பி. குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்ததில், சுமார் 70 முதல் 80 சதவீதத்தினரிடம் புள்ளிகள் காணப்பட்டன.

● கண் எங்கே, குடல் எங்கே? இரண்டுக்கும் பொதுவானது 5-ஆம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. என்ற மரபணு. செல்களின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுவது அதன் வேலை. அது பழுதாகிப் பிறப்பவருக்கு உடம்பின் எல்லாச் செல்களிலும் அந்தப் பழுது இருக்கும். கருவில் கண் உருவாகும்போதே புள்ளியாக வெளிப்படும், குடலிலோ பல ஆண்டுகள் கழித்துப் பாலிப்பாக வெளிப்படும். எனக்கு இதில் பெரிய வியப்பு இந்தக் கால இடைவெளிதான். ஏதாவது செய்து காப்பாற்றுவதற்கு நமக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கிடைக்கின்றன.

● அந்த மரபணு எங்கே இருக்கிறது என்ற துப்பு, ஒரே ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. குடல் முழுக்கப் பாலிப்புகளும் மனவளர்ச்சிக் குறைபாடும் கொண்ட ஒருவரின் 5-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே காணாமல் போயிருந்ததை 1986-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மறு ஆண்டே லண்டனில் வால்டர் பாட்மரின் குழு, எஃப்.ஏ.பி. மரபணு அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று காட்டியது. 1991-ல் மரபணுவே பிடிபட்டது. பரம்பரையாக வராத சாதாரணக் குடல் புற்றுக்கட்டிகளிலும் பெரும்பாலானவற்றில் இதே மரபணு பழுதாகியிருப்பது பிறகு தெரியவந்தது.

● கண் சுத்தமாக இருந்தால் குடலும் தப்பித்தது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. ஏ.பி.சி. மரபணுவின் நடுப்பகுதியில் பழுது விழுந்தால்தான் கண்ணில் புள்ளி வரும். இரு முனைகளில் விழுந்தால் பெரும்பாலும் வராது. அப்படிப்பட்ட சிலருக்குப் பாலிப்புகள் நூறுக்கும் குறைவாக, சற்றுத் தாமதமாகத் தோன்றும். புற்றுநோய் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. பெற்றோருக்குக் கண்ணில் புள்ளிகள் இருந்து பிள்ளைக்கு இல்லையென்றால், ஓரளவு ஆறுதல் அடையலாம். பெற்றோருக்கே இல்லாத குடும்பத்தில் பிள்ளையின் கண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

● இப்போதுதான் ரத்தத்தை எடுத்து மரபணுவையே பார்த்துவிடலாமே, கண் சோதனை எதற்கு? நியாயமான கேள்வி. குடும்பத்தில் என்ன பழுது என்று தெரிந்துவிட்டால் மரபணுச் சோதனையே தீர்ப்பு. ஆனால் அதன் முடிவு சில சமயம் இதுவா அதுவா என்று புரியாமல் வரும். எல்லா ஊரிலும் எல்லோருக்கும் கட்டுப்படியாவதும் இல்லை. அந்த இடத்தில் வலியில்லாத, செலவு குறைந்த கண் சோதனை கைகொடுக்கும். இன்னொன்றும் உண்டு. எஃப்.ஏ.பி. உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த நோய் இராது, பழுது அவரிடம்தான் புதிதாகத் தொடங்கியிருக்கும். அவரைக் குடல் மருத்துவரிடம் அனுப்ப வெளிப்படையாக எந்தக் காரணமும் இராது. வேறு எதற்கோ கண்ணைக் காட்டப்போன இடத்தில் புள்ளிகள் தெரிந்தால், அதுவே அவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை.

● பல் மருத்துவருக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எல்டன் கார்ட்னர் என்ற மரபியல் அறிஞர், குடல் புற்றுநோய் பலரைப் பலிவாங்கிய ஒரு குடும்பத்தை ஆராய்ந்து 1950-களின் தொடக்கத்தில் எழுதினார். அவர்களில் சிலருக்குத் தாடையிலும் மண்டையிலும் எலும்புக் கட்டிகளும், தோலில் கட்டிகளும் இருந்தன. அவர் பெயராலேயே கார்ட்னர் நோய்த்தொகுதி என்று அழைக்கப்பட்ட அது, எஃப்.ஏ.பி.யின் இன்னொரு முகம்தான். தாடை எக்ஸ்ரேயில் எலும்புக் கட்டியோ, கூடுதலாகப் பற்களோ தெரிந்தால் குடும்ப வரலாற்றை விசாரிப்பது நல்லது.

● பரம்பரைக் குடல் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது லின்ச் நோய்த்தொகுதி. இதற்கு விழித்திரைப் புள்ளி கிடையாது. ஆனால் லின்ச் மரபணு உள்ள சிலருக்கு, கண் இமை உட்படத் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் கட்டிகள் வருவதுண்டு. இதற்கு முயர்–டோரே என்று பெயர்.

● பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் பாலிப் நோயும் ஒன்று உண்டு. பிரிட்டனின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 2002-ல் கண்டறிந்த அதற்குக் காரணம் மியூட்ஒய்ஹெச் என்ற மரபணு. பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள், பிள்ளைக்கு வரும். சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இதையும் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

● புள்ளி தெரிந்தால் அடுத்தது என்ன? மரபணு ஆலோசனை, பிறகு குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை. ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு இதை 10 முதல் 12 வயதுக்குள் ஆரம்பிப்பார்கள். பாலிப்புகள் பெருகினால், புற்று வருவதற்கு முன்பே பெருங்குடலை அகற்றிவிடுவார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அந்த அறுவைக்குப் பிறகு படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை 1920-களிலேயே இத்தகைய குடும்பங்களுக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. உறவினர்களைத் தேடிப்பிடித்து முன்கூட்டியே சோதித்ததால் எத்தனையோ பேர் புற்று வருவதற்கு முன்பே காப்பாற்றப்பட்டார்கள்.

● உங்கள் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா யாராவது 50 வயதுக்குள் குடல் புற்றுநோயால் இறந்திருக்கிறார்களா? 'வயிற்றுக் கட்டி' என்று மட்டும் சொல்லி விட்டுவிட்ட மரணங்களையும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கண் மருத்துவரிடமும்தான்.