ஆற்றில் வெள்ளம், மதகில் அடைப்பு

தாமிரபரணியில் வெள்ளம் புரண்டு ஓடினாலும், கன்னடியன் கால்வாயின் மதகு அடைபட்டிருந்தால் சேரன்மகாதேவி வயல்கள் காயும். ஆற்றில் ஓடுவது வேறு, வயலில் பாய்வது வேறு. ஆன்டிபயாடிக் பலிக்காதபோது மாத்திரைக்குப் 'பவர்' போதவில்லை என்கிறோம். கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது, மருந்து கிருமிக்குள் போனதா என்பதைத்தான்.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற இந்த வகைக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் மேற்பரப்பில் கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்த மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. மக்னீசியம் அயனிகள் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. சத்துகள் நுழைவதற்கென்று போரின் என்னும் புரதத் துளைகள் உண்டு. இந்தக் கிருமிகளைத் தாக்கும் மருந்துகள் பலவும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஏறத்தாழ 600 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு அதில் சிக்கிக்கொள்ளும். ஸ்டெஃபைலோகாக்கஸைக் கொல்லும் வான்கோமைசின் சுமார் 1,450 டால்டன், ஈ.கோலையிடம் அது தோற்பதற்கு இதுவே காரணம். எடை மட்டும் போதாது, மின்னூட்டமும் பொருந்த வேண்டும். 1961-ல் வந்த ஆம்பிசிலின், பழைய பென்சிலினிலிருந்து ஒரேயொரு அமினோ தொகுதியால்தான் வேறுபடுகிறது. அந்தச் சின்ன ஒட்டுதான் துளைக்குள் நுழைவதை எளிதாக்கி, பென்சிலின் எட்டாத கிருமிகளையும் எட்ட வைத்தது.

அளவைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். மருந்து பல மடங்கு செறிந்து சேரும் சிறுநீர்த் தொற்றில் அது ஓரளவு பலிக்கவும் செய்யும். ஆனால் கிருமி போரின்களைக் குறைத்துக்கொள்ளும். உள்ளே வந்ததையும் புரதப் பம்புகளால் இறைத்து வெளியே தள்ளும். இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே மருந்தை வெட்டும் நொதிகளும் காத்திருக்கின்றன. 2010-ல் சென்னை நோயாளிகளிடமும் பரவியிருப்பது வெளிவந்த என்.டி.எம்-1 அப்படிப்பட்ட ஒன்று. மருந்து சொட்டுச் சொட்டாக நுழைவதால், கொஞ்சம் நொதியே அவ்வளவையும் வெட்டித் தீர்த்துவிடும். மதகும் நொதியும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால்தான் வெறும் அளவுக் கணக்கு இங்கே பொய்க்கிறது. மக்னீசியத்தை விலக்கிச் சவ்வையே உடைக்கும் கோலிஸ்டின் இருக்கிறதே என்றால், அது நம் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

துளைகளை அடைத்தால் கிருமியும் பட்டினி கிடக்காதா? கிடக்கும், எனவே அவற்றை முழுதும் மூடக் கிருமியால் முடியாது. மருந்து தேடுவோருக்கு என் பார்வையில் நல்ல பிடி இதுதான். 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் சுமார் 750 டால்டன்; எடைக் கணக்குப்படி வெளியே நிற்க வேண்டிய மருந்து. அது இரும்பைப் பற்றிக்கொண்டு வருகிறது. இரும்புக்கு ஏங்கும் கிருமியோ, இரும்புக்கென்று வைத்திருக்கும் தனி வாசல் வழியே அதைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வாசலையும் சிதைத்துக்கொண்டு தப்பிய கிருமிகள் ஏற்கெனவே நோயாளிகளிடம் கிடைத்திருக்கின்றன.