குழந்தையைத் தொடாத இரண்டு வாரம்

"அம்மா, தூக்கு!" என்று என் மூன்று வயது மகள் அறை வாசலில் நின்று அழுகிறாள். நானோ உள்ளே இருந்தபடி, "கிட்டே வராதேடா கண்ணு!" என்று கெஞ்சுகிறேன். சகோதரிகளே, அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

எனக்குத் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தது. படபடப்பு, கை நடுக்கம், உடம்பு இளைப்பு. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. அயோடின் 131 என்ற கதிரியக்க மருந்தைச் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர்.

"ஐயையோ, கதிரியக்கமா?" என்று பதறினார் என் மாமியார். டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார்.

சில அணுக்களின் கரு நிலையில்லாதது. அது தானே சிதைந்து, கதிரை வெளிவிட்டு, வேறு பொருளாக மாறும். 1896-ல் யுரேனியத்தில் இதைக் கண்டவர் ஹென்றி பெக்கரல். கதிரியக்கம் என்று பெயரிட்டவர் மேரி கியூரி அம்மையார்.

இந்தக் கதிர்களில் முக்கியமானவை மூன்று. ஆல்பாவை ஒரு தாளே தடுத்துவிடும்; ஆனால் மூச்சோடு உள்ளே போனால் பொல்லாதது. பீட்டாவைத் தடுக்கச் சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். காமா உடம்பையே ஊடுருவும்; அதைக் குறைக்கக் கனத்த ஈயமோ காங்கிரீட் சுவரோ வேண்டும்.

அயோடின் 131 பீட்டா, காமா இரண்டையும் விடும். தைராய்டு அயோடினை இழுத்து வைத்துக்கொள்வதால், பீட்டா அங்கேயே வேலையை முடித்துவிடும். காமாதான் வெளியே வரும். குழந்தையிடமிருந்து விலகியிருக்கச் சொன்னது அதனால்தான்.

"8 நாளில் பாதி குறைஞ்சிடும்மா" என்றார் டாக்டர்.

"அப்போ 16 நாளில் முழுக்கத் தீர்ந்துடுமா?"

"இல்லை. மீதியில்தான் பாதி போகும். கால் பங்கு நிற்கும். இதுதான் அரை ஆயுள். சூடாக்கினாலும் குளிர வைத்தாலும் அந்த வேகம் மாறாது. ஆனா சிறுநீரிலும் வெளியேறுவதால், உடம்பில் இன்னும் சீக்கிரமே குறையும். தண்ணீர் நிறையக் குடிங்க."

தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் எனக்குத் தனி. கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விட்டேன்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த மருந்து ஆகாது. அதனால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடவும் வேண்டாம். அலட்சியமாகக் குழந்தையைத் தூக்கவும் வேண்டாம்.

டாக்டர் சொன்ன கெடு முடிந்த காலை, என் மகளை வாரி எடுத்தேன். "இனிமே தொடலாமாம்மா?" என்று கேட்டாளே பார்க்கணும்!