பிறர் தொகுத்த பட்டியலும் நமது ஆய்வுக் கட்டுரையும்

பிறருடைய வாக்கியத்தை எடுத்தாளும்போது நாம் மேற்கோள் குறியிட்டு அடிக்குறிப்பும் தருகிறோம். பிறர் தொகுத்த பட்டியலை எடுத்தாளும்போதோ அக்கவனம் தளர்ந்துவிடுகிறது. பட்டியலிலுள்ள சொற்கள் பொதுவானவையாக இருக்கலாம். ஆயினும் எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, எதனை முதலில் வைப்பது என்னும் தீர்ப்பு அதனைத் தொகுத்தவருடையதாகும்.

இயேசு சபை இறையியலறிஞர் ஏவரி டல்லஸ், 1974-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'திருச்சபையின் மாதிரிகள்' என்னும் பொருளுடைய ஆங்கில நூலில், நிறுவனம், மறைபொருளான ஐக்கியம், திருவருட்சாதனம், அறிவிப்பாளர், ஊழியர் என ஐந்து மாதிரிகளை விளக்கினார். 1987-ஆம் ஆண்டின் விரிவாக்கப் பதிப்பில் சீடர் சமூகம் என்பதனையும் சேர்த்தார். ஆகவே, "திருச்சபையின் மாதிரிகள் ஐந்து" என்று மூலம் காட்டாது எழுதுபவர், ஒருவருடைய பகுப்பைப் பொதுவுண்மையாக்குகிறார். அவரே அதனை விரிவாக்கியதையும் மறைத்துவிடுகிறார். பதிப்பின் ஆண்டைக் குறிப்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

இனி, எழுதும் முறையைக் காண்போம். பட்டியலுக்கு முன்வரும் வாக்கியத்திலேயே ஆசிரியரின் பெயரைக் கூறி, அதன் இறுதியில் அடிக்குறிப்பு எண்ணை இடுதல் வேண்டும். கடைசி உறுப்பின் பின் மட்டும் எண்ணை இட்டால், அவ்வொன்றே பிறருடையது என வாசகர் கருதக்கூடும். சொல்லுக்குச் சொல் எடுத்த நீண்ட பட்டியலை, நீண்ட மேற்கோளைப் போலவே, மேற்கோள் குறியின்றி இடப்புறம் உள்தள்ளி, மூலத்தின் வரிசை மாறாமல் அமைக்க வேண்டும். சுருக்கியோ வரிசையை மாற்றியோ தந்தால் 'தழுவியது' என்றும், தமிழாக்கம் நம்முடையதாயின் அதனையும் அடிக்குறிப்பில் அறிவித்தல் முறை. நாம் சேர்த்த உறுப்பு எதுவென்பதும் தெளிவாகத் தெரிதல் வேண்டும்.

மூலநூலை நேரில் காணாதபோது, நாம் கண்ட நூலையே குறிப்பிட வேண்டும். பழைய ஏற்பாட்டு நூல்களைப் பற்றிய ஓரிகனின் பட்டியலை யூசேபியஸ் தமது திருச்சபை வரலாற்றில் (6:25) தருகிறார். நூல்கள் 22 என்று அங்கே கூறப்பட்டிருந்தும், கிரேக்கப் பாடத்தில் பன்னிரு சிறிய தீர்க்கதரிசிகளின் நூல் இல்லை. ருபினஸின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது உண்டு. "ஓரிகன்" என்று மட்டும் எழுதினால், அவரே அந்நூலை விலக்கினார் என்னும் தவறான முடிவுக்கு வாசகர் வரலாம். பட்டியலைப் படியெடுத்தபின் உறுப்புகளை எண்ணிச் சரிபார்ப்பதும் நமது கடமையே.

அருளுரையிலும் வேதபாடக் குறிப்பிலும் பட்டியல்களை எடுத்தாளும் ஆயர்களுக்கும் இது பொருந்தும். தொகுத்தவரின் பெயரைக் கூறாவிடில், ஓர் அறிஞரின் பகுப்பைச் சபையார் திருமறையின் போதனை என்றே ஏற்றுக்கொள்வர்.